என் கிட்டாருக்குள் ஒரு செப்புத் தகடு

என் கிட்டாருக்குள் என்ன வைத்திருக்கிறேன் என்பதைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். இப்போது நானே சொல்லிவிடுகிறேன். மதுரை சிம்மக்கல்லில் மீட்டர் கணக்கில் அறுத்துத் தரும் சாதாரண வயர் ஒரு முழம், சிவப்பும் கறுப்பும். அப்புறம் செப்புத் தகடு. தகட்டில் கட்டங்களும் எழுத்துகளும் இருக்கின்றன. ஆமாம், எந்திரத் தகடுதான். யாருக்கும் செய்வினை வைக்கவில்லை. இன்றைக்கும் அது அங்கேயேதான் இருக்கிறது, எடுக்கும் எண்ணமும் இல்லை.

பகலில் நான் சிம்மக்கல்லில் ஒரு இன்வெர்ட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். செத்துப்போன போர்டைத் திறந்து, எரிந்த பாகத்தைப் பிடுங்கிப் புதியதைப் பற்றவைப்பது என் வேலை. விசேஷ நாட்களின் மாலைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் வேனில் ஏறிவிடுவோம். குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிப்பார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். மைக்செட் வைத்திருப்பவர் ஒரு பாய். நான்கு வருடமாக மேடையின் இடது ஓரத்து நாற்காலி என்னுடையது. பொம்பளைப் பிள்ளை லீட் வாசிக்கிறதாம் என்று வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் உண்டு. இரண்டாவது பாட்டில் அவர்கள் அதை மறந்துவிடுவார்கள். அப்படி மறக்கவைப்பதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை வேறு எதுவும் தந்ததில்லை.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. வந்த வழி சீரியல் செட்.

எங்கள் பக்கம் சீரியல் செட், அதாவது வண்ண விளக்குச் சரம், இல்லாமல் விசேஷம் இல்லை. மேடையைச் சுற்றி, மரத்தைச் சுற்றி, சில ஊர்களில் எங்கள் தலைக்கு மேலேயே கட்டிவிடுவார்கள். விளக்குகளை ஓடவும் அணையவும் வைக்கும் பெட்டி காற்றில் இரைச்சலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். என் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப், அதாவது அதிர்வை வாங்கும் காந்தச் சுருள், ஒற்றைச் சுருள் வகை. அது பாட்டையும் வாங்கும், காற்றில் இருக்கிற குப்பையையும் வாங்கும். பாட்டுக்கு நடுவே நான் கையை எடுத்தால் ஸ்பீக்கர் ‘ஜ்ர்ர்ர்’ என்று கத்தும். தந்தியைத் தொட்டால் பாதி அடங்கும்.

ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடைக்கே வந்து, “என்னண்ணே, வண்டு புகுந்திருச்சா?” என்று கேட்டுவிட்டார். மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போனது. மறுநாள் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் என் கிட்டாரைக் கையில் எடுத்தார்.

“தங்கச்சி, இதுக்குள்ள என்ன வயர் போட்டிருக்க?”

“சாதா வயர்தான் மாஸ்டர். நானே போட்டது.”

“அதான் பாத்தேன். காலிங் பெல்லுக்குப் போடுற வயரப் போட்டா காலிங் பெல்லு மாதிரிதான் கேக்கும். என் சகலை மகன் வச்சிருக்கான் பாரு, உள்ள அம்புட்டும் இம்போர்ட்டட். துணி சுத்தின வயர். டோன் தேன் மாதிரி ஒழுகுது.”

சகலை மகனை எதற்கு இழுக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது. அடுத்த மாதம் திருவாதவூரில் ஒரு அம்மன் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் போக வேண்டியிருந்தது. அதற்குள் வயரை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சகலை மகன் வந்து வாசிப்பான் என்றார் மாஸ்டர். வயருக்கும் இரைச்சலுக்கும் சம்பந்தமில்லை, இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது, அதைத் தடுக்க உலோகச் சுவர் எழுப்ப வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். “காது எனக்கும் இருக்கு தங்கச்சி” என்று பேச்சை முடித்துவிட்டார்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வயர் விஷயத்தில் நானும் ஒரு காலத்தில் நன்றாக ஏமாந்தவள்தான்.

கிட்டார் வாங்கிய புதிதில், இணையத்தில் எவனோ சொன்னதை நம்பி, அந்தத் துணி சுற்றிய வயரை நானும் வரவழைத்துப் போட்டேன். போட்ட அன்றே சத்தத்தில் ஒரு கனம் வந்துவிட்டது என்று சத்தியம் செய்தேன். கடையில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்கு வாசித்துக் காட்டி, “கேளுங்கக்கா, அடிச் சத்தம் எப்படி உருண்டு வருதுன்னு” என்றேன். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்று வாரம் இப்படியே உருண்டது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா தன் டப்பாவைத் திறந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த என் இம்போர்ட்டட் வயரை எடுத்து மேசையில் போட்டார்.

“போட்ட மறுநாளே, நீ வெளிய போன நேரத்துல நான் கழட்டிட்டேன். இப்ப உள்ள இருக்குறது நம்ம பழைய வயருதான். அடிச் சத்தம் இன்னும் உருளுதா?”

அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவமானம் ஒரு வாரம் இருந்தது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். கிட்டாருக்குள் இருப்பது ஒரு முழம் வயர். அதற்குள் சத்தம் எந்தப் பக்கம் மாறப்போகிறது? வெளியே ஆம்ப்ளிபயர் வரைக்கும் இழுக்கிற நீளமான கேபிள் வேறு விஷயம்; இருபது முப்பது அடி போனால் மேல் சத்தம் மழுங்கும், அதை நான் மறுக்கவில்லை. உள்ளே இருக்கிற வயர் உறுதியாக நிற்க வேண்டும், பற்றவைத்த இணைப்பு விடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூக்குடைபட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் மாஸ்டர் “காது எனக்கும் இருக்கு” என்றபோது பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காது எனக்கும் இருந்தது.

உலோகச் சுவருக்குச் செம்பு வேண்டும். ஒட்டும் செப்பு நாடா வெளியூரிலிருந்து வர வேண்டும், திருவிழாவுக்குள் வராது என்றார்கள். மதுரையில் மெல்லிய செப்புத் தகடு எங்கே கிடைக்கும் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய கோயிலை ஒட்டிய தெருவில் எந்திரத் தகடு விற்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன காரியத்துக்கும்மா? தொழிலா, கல்யாணமா, எதிரி தொல்லையா?”

“கிட்டாருக்குண்ணே.”

அவர் தகட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். வெற்றுத் தகடுகள் எல்லாம் உள்ளங்கை அளவுதான் இருந்தன. பெரிதாக வேண்டும் என்றதும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகட்டு அடுக்கை இழுத்தார். கட்டமும் எழுத்தும் அடித்தவை. கோடு கோணிப்போனதால் விற்க முடியாமல் ஒதுக்கியவை. “இதுகள பூசையில வைக்க மாட்டோம். ஒனக்கு என்ன, கிட்டாருக்குத்தான? எடுத்துக்க” என்றார். செம்பு நல்ல செம்பு. இரைச்சலுக்குக் கோணல் கோடும் நேர்க்கோடும் ஒன்றுதான். மூன்று தகடு வாங்கிக்கொண்டு வில்லாபுரத்தில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை. என் கிட்டாரின் பின்பக்கம் நான்கு திருகாணி போட்ட ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் வயர்கள் இருக்கும் குழி. தகட்டை வெட்டிக் குழியின் அடியிலும் சுவர்களிலும் பதித்து, விளிம்புகளை ஒன்றோடொன்று பற்றவைத்தேன். மூடியின் உட்புறத்திலும் ஒரு துண்டு. கடைசியாக அத்தனையையும் ஒரே ஒரு சிறு வயரால் எர்த்தோடு சேர்த்தேன். அந்த ஒரு வயர் இல்லையென்றால் மற்ற வேலை முழுவதும் வீண். பழைய சிவப்பு, கறுப்பு வயரைத் தொடவில்லை. வேண்டுமென்றேதான் தொடவில்லை.

திருவாதவூரில் மேடைக்கு மேலேயும் கீழேயும் சீரியல் செட். பொழுது சாயும்போது எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டார்கள். நான் கிட்டாரைச் சொருகினேன். சுருள் தானாக இழுத்துக்கொள்கிற லேசான முனகல் மட்டும் இருந்தது; அதைத் தகடு தடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ‘ஜ்ர்ர்ர்’ போயே போய்விட்டது. மிக்சருக்குப் பின்னால் இருந்த பாய் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் அன்று வாசித்தது போல அதற்கு முன்னால் வாசித்ததில்லை. இரைச்சலை மறைக்கக் கையைத் தந்தியிலேயே வைத்திருந்த பழக்கம் போய், நிறுத்த வேண்டிய இடத்தில் துணிந்து நிறுத்தினேன்.

இடைவேளையில் மாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “சொன்னேன்ல? வயர மாத்தினதும் டோனே வேற ஆயிருச்சு பாத்தியா?”

“வயர மாத்தல மாஸ்டர். அதே வயர்தான். டோனும் அதேதான். இரைச்சல் மட்டும்தான் போயிருக்கு.”

“பொய் சொல்லாத தங்கச்சி. தொழில் ரகசியம்னா ரகசியம்னு சொல்லு.”

நான் பந்தியில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவர் அந்த ரகசியத்தைத் தேடிப்போனார். பாயின் திருப்புளியை வாங்கி நான்கு திருகாணியையும் கழற்றியிருக்கிறார். இம்போர்ட்டட் வயரைப் பார்க்கலாம் என்று மூடியைத் தூக்கியவர் பார்த்தது, குழி முழுக்கப் பதித்த எந்திரம்.

நான் கை கழுவிவிட்டு வந்தபோது மாஸ்டர் மேடைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. கிட்டாரைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டினார்.

“யாருக்கு வச்ச? எனக்கா?”

நான் சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அந்த மாதத்தில்தான் அவருடைய கீபோர்டு இரண்டு முறை பாதியில் நின்றிருந்தது, தொண்டை கட்டி ஒரு வாரம் பேச்சில்லாமல் இருந்தார், கைக்கு வந்த ஒரு கல்யாணமும் தள்ளிப்போயிருந்தது. எல்லாவற்றையும் அவர் அந்த ஒரு நிமிடத்தில் கூட்டிப் பார்த்துவிட்டார். என் சிரிப்பும் அதில் சேர்ந்துகொண்டது.

“நான் தகடு வாங்குனது போன வாரம் மாஸ்டர். ஒங்க தொண்டை கட்டுனது அதுக்கு முன்னாடி” என்றேன். செம்பு, எர்த், சீரியல் செட் எல்லாம் சொன்னேன். ஒன்றும் ஏறவில்லை. என் பக்கத்தில் இருந்தவர்கள் ஓரடி நகர்ந்து நின்றதை நான் பார்த்தேன். குழுவில் பாடும் ஒருத்திக்கும் வில்லாபுரம்தான். நாலு வருடமாக இருவரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்குப் போவோம். அன்று மதுரையில் வேன் நின்றதும் அவள் வேறு ஆட்டோ பிடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் அழவில்லை. ஆனால் நெஞ்சில் அது இன்னும் இருக்கிறது.

பாய் நல்ல மனிதர். மறுநாளே கடைக்கு வந்து சமாதானம் பேசினார். “ஏம்மா, இதுல என்ன இருக்கு? வெறும் தகடா மாத்திரு. மாஸ்டர் முன்னாடி ஒரு வார்த்த, தெரியாம வச்சுட்டேன்னு சொல்லிரு. முடிஞ்சுபோச்சு. நாற்காலி ஒனக்குத்தான்.”

“தெரிஞ்சுதான் பாய் வச்சேன்.”

“அது தெரியும்மா. சும்மா ஒரு பேச்சுக்கு.”

பேச்சுக்குக்கூட மாட்டேன் என்றேன். வெறும் தகடு வாங்கி ஒட்ட எனக்கு அரை நாள் போதும். ஆனால் ஒட்டினால் என்ன அர்த்தம்? எழுத்துக்குப் பயந்து எடுத்தேன் என்று அர்த்தம். அப்புறம் அந்த எழுத்துக்கு நிஜமாகவே சக்தி வந்துவிடும். நான் கெட்ட எண்ணத்தில் வைத்தேன் என்பதற்கும் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல் ஆகிவிடும். முடியாது. பாய் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

சகலை மகன் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். ஏழு வாரம் எனக்கு ஒரு அழைப்பும் இல்லை. விசேஷ நாளில் வில்லாபுரத்து வீட்டில் இருந்தால் எங்கிருந்தாவது மேளமும் மைக்கும் காதில் விழும், ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். அக்காவைத் தவிர யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. பிடிவாதத்துக்கு நான் கொடுத்தது கொஞ்சமில்லை. ஆனாலும் ஒரு நாள்கூட அந்த மூடியைத் திறந்து தகட்டை எடுக்கலாமா என்று எனக்குத் தோன்றவில்லை.

எட்டாவது வாரம் பாய் மறுபடி கடைக்கு வந்தார், தோளில் ஒரு கிட்டார் பையோடு. உள்ளே சகலை மகனின் கிட்டார். அதே ஒற்றைச் சுருள், உள்ளே தேன் ஒழுகும் வயர். சீரியல் செட் போட்ட மேடையில் என்னுடையதை விட மோசமாகக் கத்துகிறதாம்.

“மாஸ்டர் குடுத்து விட்டாரும்மா. இதுக்கும் தகடு வச்சுத் தரணுமாம்.” பாய் என் முகத்தைப் பார்க்காமல் மீதியையும் சொன்னார். “ஒன்னோடதுல இருக்குற அதே எழுத்தோட வேணுமாம். வெறும் தகடு வேணாமாம்.”

நான் கையிலிருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கையில் வைத்திருப்பது நல்லதில்லை. நான் எழுத்து வைக்கக் கூடாது என்று நாற்காலியைப் பறித்தவர், இப்போது அதே எழுத்தை எனக்குத் தெரிந்த மந்திரமாக நினைத்து ஆள் அனுப்புகிறார். “அவரே வரட்டும் பாய். வராட்டி ஒரு திருகாணியக்கூடத் தொட மாட்டேன்” என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாஸ்டர் வந்தார். பாட்டரிகளுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டுக் கொடுத்தேன். பாயும் அக்காவும் வாசலில் நின்றார்கள்.

“சுவரப் பாத்து உக்காருங்க மாஸ்டர். சகலை மகன் கிட்டார்ல ரெண்டு வயரும் போட்டு ஒரு சுவிட்சு வச்சிருக்கேன். ஒரு பக்கம் இம்போர்ட்டட், ஒரு பக்கம் என் வயரு. நான் தட்டித் தட்டி வாசிக்கிறேன். எது எதுன்னு சொல்லுங்க.”

ஒரே பல்லவியை ஆறு முறை வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘டக்’ என்று சுவிட்சைத் தட்டினேன். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். தடுமாற்றமே இல்லை. “இது இம்போர்ட்டட். இது உன்னுது, சப்புனு இருக்கு. இது மறுபடி இம்போர்ட்டட், எப்படி இழையுது பாரு.” ஆறுக்கும் பதில் சொன்னார்.

என் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். என் கையில் இருந்தது பழைய இன்வெர்ட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய சுவிட்ச். அது எதோடும் சேரவில்லை. கிட்டாரைத் திறந்தும் காட்டினேன். முதலிலிருந்து கடைசி வரை உள்ளே ஒரே வயர்தான். நான் பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு பொய்க்கு எனக்கு வருத்தமில்லை. அக்கா வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாஸ்டரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. என் முகமும் அக்காவின் டப்பாவுக்கு முன்னால் அப்படித்தான் இருந்திருக்கும். “எனக்கும் இப்படி ஆச்சு மாஸ்டர்” என்றேன். அவர் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

“அப்ப தகடு?” என்றார்.

என் கிட்டாரைச் சொருகினேன். கடையின் டியூப்லைட்டும் சார்ஜில் கிடந்த இன்வெர்ட்டர்களும் கொட்டுகிற இரைச்சல் கொஞ்சமில்லை, ஆனாலும் ஸ்பீக்கர் அமைதியாக இருந்தது. மூடியைக் கழற்றி, தகட்டை எர்த்தோடு சேர்க்கும் அந்தச் சிறு வயரின் இணைப்பை மட்டும் எடுத்தேன். ‘ஜ்ர்ர்ர்’ என்று கடையே அதிர்ந்தது.

“பாத்துக்கங்க மாஸ்டர். கட்டம் அங்கதான் இருக்கு. எழுத்து அங்கதான் இருக்கு. ஒண்ணையும் நான் தொடல. ஒரு வயர எடுத்தேன், ஒங்க எந்திரம் செத்துப்போச்சு.”

மறுபடி பற்றவைத்தேன். அடங்கியது. அவரே ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்றார். வயரை எடுத்துவிட்டு, ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். விரல் தகட்டில் படாமல், நுனியை மட்டும் பிடித்து ஒட்டினார், எடுத்தார், ஒட்டினார். ஐந்தாவது முறையில் விரல் தகட்டில் பட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். “வர்ற ஞாயித்துக்கிழம அவனியாபுரத்துல ரிசப்ஷன். வந்துரு. அவன் ரிதம் வாசிக்கட்டும், லீடு நீ எடுத்துக்க.” படி இறங்கும்போது திரும்பினார். “ஒண்ணு மட்டும் தங்கச்சி. அந்த எழுத்துத் தகட்ட...”

“மாத்த மாட்டேன் மாஸ்டர்.”

“மாத்த வேணாம். வெளிய யாருக்கும் தெரியாம வச்சுக்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்.”

அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. சும்மா இருந்தாலே போதும். மூடி ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. ஆனால் மூடி வைத்ததால்தானே அதை ரகசியம் என்றார்கள்? அன்று சாயங்காலமே வண்டி நம்பர் பலகை செய்கிற கடைக்குப் போய், கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக்கில் என் மூடியின் அளவுக்கு ஒன்று வெட்டச் சொன்னேன். நான்கு ஓட்டை, அதே நான்கு திருகாணி. சகலை மகனின் கிட்டாருக்கு வெற்றுச் செம்பு வைத்துக் கொடுத்தேன். அவன் நன்றாகத்தான் வாசிக்கிறான், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டால் அவனுக்கும் ஒரு கண்ணாடி மூடி செய்து தருவேன்.

என் மூடியில் இப்போது செம்பு இல்லாததால் அந்தப் பக்கம் சுவரில் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி ஆகிவிட்டது. இரைச்சல் கொஞ்சம் திரும்பி வந்தது. எனக்குத் தெரிந்தேதான் செய்தேன்.

அவனியாபுரத்து மண்டபத்தில் சீரியல் செட் வாசலிலிருந்து மேடை வரைக்கும் ஓடியது. கிட்டாரை மாட்டுவதற்கு முன்னால், அதன் முதுகைச் சபையின் பக்கம் திருப்பித் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையின் ஓரத்திலிருந்து என் நாற்காலி வரை நடந்தேன். கோணல் கட்டம், எழுத்து, சிவப்பு வயர், கறுப்பு வயர், எல்லாம் விளக்கில் பளிச்சென்று தெரிந்தன. மாஸ்டர் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று என்னை விட்டு வேறு ஆட்டோ பிடித்துப் போன பாட்டுக்காரி கிட்டே வந்து, குனிந்து, மூக்கு படுகிற அளவுக்குப் பார்த்தாள்.

“இதுக்காடி இம்புட்டு?”

“இதுக்குத்தான்.”

கிட்டாரை மாட்டி, வயிற்றோடு அணைத்து, தந்தியில் கை வைத்தேன். தந்தி எர்த்தோடு சேர்ந்தது, அதைத் தொட்டபடி நிற்கிறவளின் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடும். அந்த ஜன்னலுக்கு நேராக நின்றால் அதுவும் ஒரு தகடுதான். மிச்சமிருந்த இரைச்சல் உள்ளே போகாமல் என்மேல் வந்து நின்றது. பாய் கட்டைவிரலைத் தூக்கினார், நான் முதல் பாட்டை எடுத்தேன்.